ஃபோட்டான் எண்ணும் சில்லும் எஃப்.பி.ஜி.ஏ.வும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 256 பிக்சல் ஸ்பாட் (ஒற்றை ஃபோட்டானையும் உணரும் டயோடு) வரிசை ஒன்றை வடிவமைக்கப் போகிறோம். நேரம் அளக்கும் சுற்றைச் சில்லுக்குள்ளேயே வைக்கலாமா, வெளியே எஃப்.பி.ஜி.ஏ.வில் (உள்சுற்றை நாமே மாற்றி எழுதக்கூடிய சில்லு) வைக்கலாமா?

முதல் சில்லு என்றால் வெளியே வையுங்கள். ஸ்பாட் என்பது முறிவு மின்னழுத்தத்துக்கு மேல் சில வோல்ட் ஏற்றி வைத்த டயோடு. ஒரே ஒரு ஃபோட்டான் விழுந்தாலும் மடை திறந்தாற்போல மின்னோட்டம் பாயும். அதை அடக்கும் தணிப்புச் சுற்று டயோடை ஒட்டியே இருக்க வேண்டும். கம்பி நீண்டால் மின்தேக்கம் கூடும், ஒவ்வொரு முறையும் பாயும் மின்னூட்டம் கூடும், ஃபோட்டான் விழாமலேயே பின்னால் எழும் பொய்த் துடிப்பின், அதாவது பின்துடிப்பின், தொல்லையும் வளரும். ஆனால் அதற்கப்புறம் வருவது வெறும் 0, 1 துடிப்புதான். அதை வெளியே கொண்டுவந்துவிட்டால், மனம் மாறும்போது ஃபர்ம்வேரை மாற்றினால் போதும். புதுச் சில்லுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். எடோர்டோ ஷார்போன் முதலானோர் 2016-ல் வெளியிட்ட லினோஸ்பாட் இந்த வழியில் போனதுதான்: 256 பிக்சல்கள் சில்லில், 64 டிடிசிகள் (நேரம் அளக்கும் சுற்றுகள்) எஃப்.பி.ஜி.ஏ.வில்.

ஒற்றை வரிசைக்குத்தான் இந்தச் சொகுசு. 64×64 என்றால் 4,096 கம்பிகள். அத்தனைக்கும் சில்லில் இணைப்புக் கால்கள் கிடைக்காது. பிக்சல்கள் கம்பிகளைப் பகிர்ந்தாக வேண்டும்.

கேள்வி: எங்கள் எஃப்.பி.ஜி.ஏ. கடிகாரம் 400 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 2.5 நானோ நொடி. அதை வைத்து 20 பிகோ நொடி எப்படி அளப்பது?

கான்கிரீட் போடும் நாளில் ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் மேஸ்திரி விசிலடித்தால், சட்டி அப்போது யார் கையில் இருக்கிறது என்பதை வைத்து அது எப்போது கிளம்பியது என்று சொல்லிவிடலாம். எஃப்.பி.ஜி.ஏ.வில் அந்த ஆட்கள், கூட்டல் செய்வதற்காக இருக்கும் கேரி சங்கிலி. ஃபோட்டான் துடிப்பு அதன் வழியே ஓடும்; கடிகாரம் தட்டியதும் ஃபிளிப்ஃபிளாப்கள் அந்தக் கணத்தைப் படமெடுக்கும்.

ஆனால் எல்லா ஆளும் ஒரே வேகத்தில் கை மாற்றுவதில்லை. ஒரு படி 5 பிகோ நொடி, பக்கத்துப் படி 40 என்றெல்லாம் வரும். அதனால் உண்மையான வேலை அளவுதிருத்தம்தான். கடிகாரத்தோடு சம்பந்தமே இல்லாத மங்கலான வெளிச்சத்தைக் காட்டி, பத்து லட்சம் துடிப்புகளைச் சேருங்கள். மழையில் வைத்த பாத்திரங்களில் வாயகன்றதில் அதிகத் தண்ணீர் சேர்வதுபோல, அகலமான படியில் அதிக எண்ணிக்கை விழும். ஒரு படியில் 8,000 விழுந்தால் அதன் அகலம் 20 பிகோ நொடி. விளக்குகூட வேண்டாம், நாம் திட்டித் தீர்க்கும் இருள் எண்ணிக்கையே (இருட்டிலும் டயோடு தானாக எழுப்பும் துடிப்புகள்) இதற்குப் போதும், நேரம் மட்டும் கூடப் பிடிக்கும்.

இதை அடிக்கடி செய்யுங்கள். ஒருமுறை காலையில் அளவுதிருத்தம் முடித்துவிட்டு மத்தியானம் ஏசியைப் போட்டோம். வெப்பநிலை மாறியதில், ஃபோட்டான்கள் குவியும் நேரத்தைக் காட்டும் உச்சம் நகர்ந்துவிட்டது. அன்று முழுக்க லேசரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: டிடிசி 20 பிகோ நொடி என்கிறது, ஹிஸ்டோகிராமில் (எந்த நேரத்தில் எத்தனை ஃபோட்டான் என்ற வரைபடத்தில்) உச்சத்தின் அகலமோ 130. எங்கே தவறு?

எங்கும் இல்லை. டயோடின் நேர நடுக்கம் 100, லேசர் துடிப்பு 80, டிடிசி 20 என்று வைத்து, வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்துப் பாருங்கள். டிடிசியை 10-க்கு இறக்க மாதக்கணக்கில் உழைத்தாலும் இந்த 130 அசையாது.

கேள்வி: யுஎஸ்பி 3.0 திணறுகிறது. தரவு பாதியில் தொலைகிறது.

பிக்சலுக்கு நொடிக்கு பத்து லட்சம் நிகழ்வு, ஒவ்வொன்றும் 32 பிட், 256 பிக்சல். பெருக்கினால் நொடிக்கு 8 கிகாபிட்டுக்கு மேல் வரும். யுஎஸ்பி 3.0-ன் பெயரளவு வேகமே 5 கிகாபிட்தான். ஒவ்வொரு ஃபோட்டானின் நேரமும் தனித்தனியாக வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒளிர்வு ஆயுள், தூர அளவீடு போன்றவற்றுக்கு ஹிஸ்டோகிராம் போதும். பிக்சலுக்கு 1,024 நேரப் பெட்டி, பெட்டிக்கு 16 பிட் என்றால் மொத்தம் 4,096 கிலோபிட். ஆர்ட்டிக்ஸ்-7 100டி என்ற எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் 4,860 கிலோபிட் பிளாக் ரேம் (உள் நினைவகம்) இருக்கிறது. இறுக்கம்தான், ஆனால் அடங்கும்.

கேள்வி: சில பிக்சல்கள் இருட்டிலும் கத்திக்கொண்டே இருக்கின்றன. எஃப்.பி.ஜி.ஏ.வில் அவற்றை மறைத்துவிட்டால் சரிதானே?

பாதிதான் சரி. நீங்கள் காதைப் பொத்திக்கொண்டீர்கள். அது கத்துவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை டயோடில் மின்னோட்டம் பாயும்போதும் கொஞ்சம் ஒளி சிந்தும், அது பக்கத்துப் பிக்சலையும் கிளப்பிவிடும். பிக்சலுக்கு ஓர் அணைப்பு ஸ்விட்சைச் சில்லிலேயே வைக்க வேண்டும். பின்னால் ஃபர்ம்வேரில் சேர்க்க முடியாத விஷயம் இது.

கேள்வி: இதே அமைப்பு 1,550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்கு உதவுமா?

சிலிக்கானுக்கு அங்கே கண் தெரியாது. இண்டியம் காலியம் ஆர்சனைடு டயோடுக்கு மாறுங்கள். டிடிசி அப்படியே இருக்கட்டும். பின்துடிப்பு அதில் அதிகம் என்பதால், ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு டயோடை அடக்கி வைக்கும் நேரத்தை மட்டும் நானோ நொடிகளிலிருந்து மைக்ரோ நொடிகளுக்கு ஏற்றுங்கள்.