கட்டைவிரல் ஆஃப்சைடு – கடிதம்

அன்புள்ள சார்,

இது ஒரு புலம்பல். இப்போதெல்லாம் ஒரு கால்பந்து ஆட்டத்தை எரிச்சல் இல்லாமல் பார்த்து முடிக்க முடியவில்லை. லேசாக உரசினாலே முகத்தைப் பொத்திக்கொண்டு உருளுகிறார்கள். முன்னிலையில் இருக்கும் அணியின் கீப்பர் பந்தைக் கட்டிப்பிடித்துப் படுத்துக்கொள்கிறார். கோல் விழுந்தால் கத்தலாமா கூடாதா என்றே தெரியவில்லை, மூன்று நிமிடம் கோடு போட்டுப் பார்த்துவிட்டு பந்து கிளம்பிய கணத்தில் கால் கட்டைவிரல் தடுப்பாட்டக்காரரைத் தாண்டியிருந்தது, ஆஃப்சைடு என்கிறது வி.ஏ.ஆர்., அதுதான் வீடியோ பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் ஏற்பாடு. சீசனுக்கு மூன்று ஜெர்சி. உலகக் கோப்பையில் 48 அணிகள். ஆட்டம் கெட்டுவிட்டதா, எனக்கு வயதாகிவிட்டதா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டும்தான் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் உங்கள் முதல் இரண்டு புகார்களையும் நான் ஏற்க மாட்டேன். உருளுவதும் நேரம் கடத்துவதும் பழைய வியாதிகள், நேரம் கடத்துவது முன்பு இன்னும் மோசம். 1990 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றை முழுதாகப் போட்டுப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர் பந்தைக் கீப்பருக்குத் தட்டுவார், அவர் கையில் எடுத்து நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி அவருக்கே உருட்டிவிடுவார், அவர் திரும்பவும் கீப்பருக்கே. விதியில் அதற்கு இடம் இருந்தது. அந்தக் கோப்பையில் ஆட்டத்துக்குச் சராசரி 2.21 கோல், உலகக் கோப்பை வரலாற்றிலேயே குறைவு. 1992-ல் விதியை மாற்றினார்கள்: சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது. அவ்வளவுதான். கேமரா வேண்டாம், திரை வேண்டாம். இன்று காலில் பந்தை வைத்து ஆடத் தெரியாத கீப்பருக்குப் பெரிய அணிகளில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

கீப்பர் பந்தோடு படுத்துக்கொள்வதற்கும் 2025-ல் இதே மாதிரி ஒரு மருந்து வந்துவிட்டது. எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், கடைசி ஐந்து விநாடிகளை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். முன்பும் ஆறு விநாடி என்று ஒரு விதி இருக்கத்தான் செய்தது, ஆனால் மீறினால் பெனால்ட்டி ஏரியாவுக்குள் மறைமுக ஃப்ரீகிக், அது ரொம்பப் பெரிய தண்டனை என்பதாலேயே நடுவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள்.

சரி, கட்டைவிரலுக்கு வருவோம். இதில் உங்கள் எரிச்சல் முழுக்க நியாயம். ஒளிபரப்பு கேமரா விநாடிக்கு 50 படம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.02 விநாடி. விநாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அதற்குள் 16 செ.மீ. போய்விடுவார், தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் ஏறி வந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பந்து காலை விட்டுக் கிளம்பியது இந்தப் படத்திலா அடுத்த படத்திலா என்று ஒரு மனிதர் தீர்மானித்தார், அதற்கு மேல் கோடு போட்டுக் கட்டைவிரலை அளந்தார்கள். கத்தார் உலகக் கோப்பையில் பந்துக்குள்ளேயே விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார், கூரைக்கடியில் 12 கேமரா, ஒவ்வொரு வீரர் உடலிலும் 29 புள்ளிகள் என்று ஏற்பாடு செய்து அந்தக் குளறுபடியைப் பெருமளவு தீர்த்தார்கள். எரிச்சல் தீர்ந்ததா? இல்லையே. ஆஃப்சைடு விதி இருப்பது கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருப்பதைத் தடுக்க. கட்டைவிரல் அளவு முன்னால் இருந்து யார் என்ன லாபம் அடைந்துவிட முடியும்?

இப்படிக் கோடு போடும் வி.ஏ.ஆர். அறையில் அதே திரைகளை வைத்துக்கொண்டு, கார்னர் வரும்போது கீப்பரைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்று இடித்து, சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு மல்யுத்தமே நடத்துவதைப் பார்க்கிறார்கள். அங்கே மட்டும் ‘தெளிவான, வெளிப்படையான பிழை’ இருந்தால்தான் தலையிடுவார்களாம். அளக்க முடிந்ததை நூல் பிடித்து அளக்கிறார்கள், முடியாததை விட்டுவிடுகிறார்கள்.

அளக்க முடிந்ததிலாவது ஒழுங்கு உண்டா என்றால், 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட கோல் இருக்கிறது. லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்கினார். வி.ஏ.ஆர். அறையில் இருந்தவர், களத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பார்த்தாயிற்று, சரிதான் என்று சொல்லிவிட்டார். களத்தில் அது, கொடி தூக்கியது சரி என்று ஆகிவிட்டது. டியாஸ் ஆஃப்சைடே இல்லை. தவறு புரிந்தபோது ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது, தொடங்கிய பிறகு திரும்பிப் போக விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. அந்த அறையில் பேசிக்கொண்டதைப் பிறகு வெளியிட்டார்கள், கேட்டால் எனக்குக் கோபத்தைவிடப் பரிதாபம்தான் வந்தது.

வீரர்களின் திருட்டுத்தனத்தை ஒரு வரி விதியால் பிடிக்கலாம். மேலே இருந்து இறங்கும் எரிச்சலுக்கு என்ன செய்வது? 2024-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் வி.ஏ.ஆரை எடுத்துவிடலாம் என்று வுல்வர்ஹாம்ப்டன் தீர்மானம் கொண்டுவந்தது. 20 கிளப்புகளில் ஆதரவு ஒரே ஓட்டு, அவர்களுடையது. அரங்கத்தில் அதைத் திட்டிப் பாடிக்கொண்டிருந்த ரசிகர்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது. ஸ்வீடனில் உண்டு. அங்கே கிளப்பின் பெரும்பான்மை ஓட்டு உறுப்பினர்கள் கையில், உறுப்பினர்கள் என்றால் ரசிகர்கள்தான். அவர்கள் வேண்டாம் என்றார்கள், அதே 2024-ல் வி.ஏ.ஆரைக் கொண்டுவரும் யோசனையையே ஸ்வீடன் கைவிட்டது. ஓட்டு இல்லாத இடத்திலும் ஒருமுறை நடந்திருக்கிறது: 2021 ஏப்ரலில் 12 பணக்கார கிளப்புகள் தனியாக சூப்பர் லீக் அறிவித்தபோது இங்கிலாந்து ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள், இரண்டு நாளில் ஆறு ஆங்கில கிளப்புகளும் விலகிக்கொண்டன.

ஜெர்சிக்குப் பதில் சுலபம், வாங்காதீர்கள்.

அப்புறம் அந்த 48 அணிகள். பேராசையில் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வாழும் குராசோ என்ற கரீபியன் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அதனால்தானே. இவ்வளவு சின்ன நாடு இதற்கு முன் வந்ததே இல்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. 104 ஆட்டங்களையும் நாம் பார்த்தே ஆகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.