பொன்னாடைக்கு அப்புறம் என்ன?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஹவில்தார். வயது 41. சொந்த ஊர் குடியாத்தத்துக்கும் சித்தூருக்கும் நடுவில், பரதராமி பக்கம். ஆறு வருடத்துக்கு முன்னால் காஷ்மீர் எல்லையில் ரோந்து போனபோது கண்ணிவெடியில் வலது கால் முட்டிக்கு மேலே போய்விட்டது. இடது கையில் இரண்டு விரல் இல்லை. ஒரு காது மந்தம். புனேயில் செயற்கைக் கால் பொருத்தி அனுப்பினார்கள். பென்ஷன் வருகிறது, சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வந்தால் பள்ளிக்கூடம், சங்கம், கட்சி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போடுகிறார்கள். பீரோவில் 23 பொன்னாடை இருக்கிறது. வெடித்த கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் இரண்டு ராத்திரி தூக்கம் போய்விடுகிறது. போன ஜனவரியில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து "அங்கிள், வலிச்சுதா?" என்று கேட்டான். டீச்சர் அதட்டி உட்கார வைத்துவிட்டார். நானும் பதில் சொல்லவில்லை. இப்போது ஒருவர் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து, ஊராட்சித் தலைவருக்கு நில்லுங்கள், காலைக் கொடுத்தவருக்கு ஓட்டு தானாக விழும் என்கிறார். மனைவி நிற்கச் சொல்கிறாள், அம்மா வேண்டாம் என்கிறார். கூட்டாளிகள் பாராலிம்பிக்கில் ஜெயித்த ராணுவ வீரரின் வீடியோவை அனுப்பி, உன்னாலும் முடியும் என்கிறார்கள். வீட்டில் சும்மா உட்காரவும் பிடிக்கவில்லை, பரிதாபத்தில் பிழைக்கவும் பிடிக்கவில்லை. நான் என்ன செய்யட்டும் அக்கா?

பதில்: அன்புத் தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை பழத்தட்டு வரும் இடத்தில் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். தலைவர் பதவி இந்தத் தடவை பொதுவா, பெண்களுக்கா, பட்டியலினத்தவருக்கா என்பது சுழற்சிப் பட்டியல் வந்தால்தான் தெரியும். போதாததற்குக் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. பழம் வாங்கி வந்தவருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. அவருக்கு வேண்டியது உங்கள் கால் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

என் பெரியப்பா ஒருவர் 1971 சண்டையில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்துவிட்டு வந்தவர். எனக்கு நினைவு தெரிந்தபோது குடியாத்தத்தில் தபால் ஆபீஸ் எதிரே ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். மணியார்டர் ஃபாரம், பென்ஷன் மனு, ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதும் கடிதம் எல்லாம் அவர் கைவேலை. காகிதத்தை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை கிடையாதே, அதற்குக் கவுண்டன்யா ஆற்றில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்று வைத்திருப்பார். கல்லைக் காகிதத்தின் மேல் வைப்பார், இரண்டு வரி எழுதுவார், கல்லை ஓரங்குலம் கீழே நகர்த்துவார், மறுபடி எழுதுவார். பலமநேரிலிருந்து பஸ் ஏறி வரும் தெலுங்குக்காரப் பெண்கள்கூட "ஃபாரம் தாத்தா" எங்கே என்றுதான் கேட்பார்கள். ஒற்றைக் கைக்காரர் என்று யாரும் அவரை அடையாளம் சொல்லி நான் கேட்டதில்லை. தொடக்கத்தில் சொல்லியிருப்பார்கள். அது எத்தனை வருடத்தில் மாறியது என்று அவர் இருக்கும்போதே கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தூக்கம். மேடையில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் அந்த இடத்துக்கே போய்விடுகிறீர்கள். கூட்டம் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறது, நீங்கள் திரும்பி வர இரண்டு ராத்திரி ஆகிறது. இது கோழைத்தனமும் இல்லை, பட்டாளத்துக்காரனுக்கு வரக்கூடாத நோயும் இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை கையில் இருக்கும். வேலூர் பாலிகிளினிக்கில் இதைச் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ் 14416-க்கு அடியுங்கள், தமிழிலேயே பேசலாம். இல்லாத கால் வலிக்கிறதா என்பதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. பலர் இதை வெளியில் சொல்லமாட்டார்கள், பைத்தியம் என்பார்களோ என்ற பயம். அந்த வலி நிஜமானது. நம் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் ஒரு கண்ணாடியை வைத்து இதற்கு வழி கண்டுபிடித்தார். இருக்கிற அவயவத்தின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே அசைத்தால், இல்லாத அவயவம் அசைவதாக மூளை நம்புகிறது. பலருக்கு வலி குறைகிறது. உங்களுக்கும் அந்த வலி இருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

அடுத்தது மேடை. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. போவதானால் நிபந்தனை போட்டுப் போங்கள். சிறப்பு விருந்தினர் வரும்வரை வெயிலில் காக்க வைக்கக்கூடாது. வேலூர் மாவட்டத்து வெயிலில் செயற்கைக் காலின் சாக்கெட்டுக்குள் வேர்த்தால் ஸ்டம்ப், அதாவது மிச்சமிருக்கும் கால், என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நிழலில் நாற்காலி, கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர், காலைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. வெடித்த கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அன்றைக்கு உங்கள் இஷ்டம். சொல்லாவிட்டால் கைதட்டல் குறையும், குறையட்டுமே. (வெட்டுண்ட தலையை வேறோர் உடலில் பொருத்தி, சிரசுத் திருவிழா எடுத்து அம்மனாகக் கும்பிடுகிற ஊர்க்காரர்கள் நாம். நம் ஆட்கள் ஒரு செயற்கைக் காலை இப்படி உற்று உற்றுப் பார்ப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது.)

இன்னொன்று கவனித்தீர்களா? உங்களுக்குப் பொன்னாடை போடும் அதே ஜனவரி 26, அதே ஆகஸ்ட் 15-ல்தான் ஊரில் கிராம சபையும் கூடுகிறது. மார்ச் 22, மே 1, அக்டோபர் 2, நவம்பர் 1 சேர்த்து வருடத்துக்கு ஆறு நாள். பள்ளியில் மைக் பிடித்துவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள், அந்தப் பக்கம் கிராம சபையில் கையெழுத்து வாங்கிக் கூட்டத்தை முடித்துவிடுகிறார்கள். இனி பொன்னாடையைக் கக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டு நேரே அங்கே போய் உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். ஊராட்சி அலுவலகப் படியில் ஏற முடியாத கிழவி யார், சாய்தளம் ஏன் இல்லை என்று கேளுங்கள். அங்கே உங்களுக்கு யாரும் கைதட்டமாட்டார்கள், முறைப்பார்கள். பரிதாபத்தைவிட முறைப்பு உங்களுக்குப் பழகியதுதானே?

அப்புறம், உங்களிடம் இருக்கும் சரக்கு என்னவென்று நீங்களே பார்க்கவில்லை. தமிழ் இருக்கிறது, எல்லைப்பக்கத்து ஆளென்பதால் தெலுங்கு இருக்கும், பட்டாளத்து இந்தியும் இருக்கிறது. வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். செக்போஸ்டைத் தாண்டினால் சித்தூர் பக்கமும் பென்ஷன் வாங்கும் விதவைகள் இருக்கிறார்கள். பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் முறைக்கு மாறியதிலிருந்து அவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாது. நவம்பர் வந்தால் உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். நெசவிலும் தீப்பெட்டியிலும் ரேகை தேய்ந்துபோன கிழவியின் கட்டைவிரலை மெஷின் ஏற்காது. நாலு தடவை துடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் வா பாட்டி என்று அனுப்பிவிடுவார்கள். செல்போனில் முகத்தைக் காட்டியே உயிர்ச் சான்று கொடுக்கும் வசதி 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. இதை அந்தப் பாட்டிக்குச் சொல்ல ஊரில் யார் இருக்கிறார்கள்? உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு பெஞ்சு, ஒரு செல்போன், ஒரு நோட்டு போதும். இந்த நவம்பரில் ஆரம்பியுங்கள்.

அந்த வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. அது நாகாலாந்தின் ஹோகாட்டோ ஹோடோஷே சேமாவாக இருக்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கினாரே, அவர். 2002-ல் கண்ணிவெடியில் காலை இழந்தவர், குண்டைக் கையில் எடுத்தது 2016-ல். நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தை யாரும் வீடியோ எடுத்து உங்கள் கூட்டாளிகளுக்கு அனுப்பவில்லை. உங்களுக்கு ஆறுதானே ஆகிறது.

தேர்தலில் நிற்பதா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் டாமி டக்வொர்த் என்று ஒரு செனட்டர் இருக்கிறார். ராணுவ ஹெலிகாப்டர் விமானி. 2004-ல் ஈராக்கில் அவர் ஓட்டிய ஹெலிகாப்டர் சுடப்பட்டு இரண்டு கால்களும் போயின. இரண்டே வருடத்தில் தேர்தலில் நின்றார், நாடே பேசியது, தோற்றுப்போனார். தோற்ற பிறகு என்ன செய்தார் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது. சொந்த மாநிலமான இல்லினாயில் முன்னாள் படைவீரர் நலத் துறையை இரண்டு வருடத்துக்கு மேல் நடத்தினார். அப்புறம் மத்திய அரசில் அதே துறையில் வேலை. 2012-ல் மறுபடி நின்று ஜெயித்தார், 2016-ல் செனட்டுக்கும் ஜெயித்தார். முதல் தடவை மக்களுக்கு அவருடைய காயம்தான் தெரிந்திருந்தது, வேலை தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும், அது அவர்கள் ஊர் அரசியல்.

நம் ராணுவத்திலேயே இயன் கார்டோசோ இருக்கிறார். 1971-ல் சிதைந்த காலைக் குக்ரி என்னும் கூர்க்கா கத்தியால் தானே வெட்டி எறிந்த கதையை உங்கள் யூனிட்டில் கேட்டிருப்பீர்கள். எல்லாரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உடற்தகுதித் தேர்வில் முழுக் கால்காரர்களோடு ஓடிக் காட்டி, காலாட்படை பட்டாலியனை வழிநடத்திய முதல் ஊனமுற்ற அதிகாரி ஆனார். மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்ற பிறகு 2005 முதல் 2011 வரை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலுக்குத் தலைவர். குக்ரி வேலை சில நிமிடம், மற்ற வேலை நாற்பது வருடம். இவ்வளவு தூரம் போவானேன், நம் வேலூரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அவர் முயற்சியில் வந்ததுதான் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம். பாகாயம் பக்கம் போயிருந்தால் வாசலைப் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே பழத்தட்டுக்காரரிடம் "இந்தத் தடவை வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நவம்பர் திண்ணையில் உட்கார்ந்து, பன்னிரண்டு கிராம சபை பார்த்த பிறகும் நிற்கத் தோன்றினால் நில்லுங்கள், அப்போது யார் பழமும் தேவைப்படாது. இடையில் ஒன்று விசாரித்து வையுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியிருக்கிறார்கள். சலுகை என்று கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். உள்ளே ஒரு நாற்காலி கிடைத்தால் வேலை கற்றுக்கொள்ள லேசாக இருக்கும். நிற்கச் சொல்லும் மனைவிக்கும் வேண்டாம் என்னும் அம்மாவுக்கும் பயம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவீர்களோ என்று. திண்ணையில் நாலு பேர் வந்துபோக ஆரம்பித்தால் இரண்டு பேரும் காபி போட்டுக் கொடுத்தே களைத்துப்போவார்கள்.

கடைசியாக அந்தப் பையன். வலிச்சுதா என்று கேட்டவனுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. 23 பொன்னாடை போட்டவர்களில் ஒருவரும் கேட்காததை அவன் கேட்டிருக்கிறான். இந்நேரம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போயிருப்பான், விசாரித்தால் வீடு தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, எவ்வளவு வலித்தது, எப்போது வலிக்கவில்லை, இப்போது எங்கே வலிக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். காலைக் கழற்றிப் பார்க்கக் கேட்டால், அவனுக்கு மட்டும் காட்டலாம்.

அன்புடன்,
அக்கா