விரல் போனது, ஈ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்?

கேள்வி: பவர் பிரஸ்ஸில் வலது ஆள்காட்டி விரல் முழுதாகத் துண்டாகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பணம் வருமா? மறுபடி வேலைக்குப் போனால் நின்றுவிடுமா?

பதில்: வரும். நோய்க்கால உதவிக்குத்தான் இத்தனை நாள் சந்தா என்ற கணக்கு. வேலையில் பட்ட காயத்துக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. டாக்டர் ஓய்வுச் சான்று தரும் நாள்களுக்கெல்லாம் சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சம்பளம் 500 ரூபாய் என்றால் நாளுக்கு 450.

பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள், அதுதான் பெரிய இழப்பு. காயம் ஆறியதும் மருத்துவக் குழுவின் பரிசோதனைக்குக் கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். முழு ஆள்காட்டி விரல் போனால், சட்ட அட்டவணைப்படி சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் இழப்பு. 450-இல் அது நாளுக்கு 63 ரூபாய், ஆயுள் முழுக்க. வேலைக்குத் திரும்பினாலும் சம்பளத்தோடு சேர்ந்தே வரும்.

சிக்கல் பெரும்பாலும் விபத்து அறிக்கையில்தான். 'வீட்டில் அடிபட்டது' என்று முதலாளியோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எழுதிவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். அறிக்கையின் நகலை இன்றே கேட்டு வாங்குங்கள். குழு தரும் சதவீதம் குறைவாகப் பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.