எம்ஜி ஏ காருக்கு அம்பாசடர் இன்ஜின் வைக்கலாமா?

பட்டறைக் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, தோட்டத்தில் மேனேஜராக இருந்த என் பெரியப்பாவின் 1958 எம்ஜி ஏ 1500 என்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் பல வருடமாக ஷெட்டிலேயே நிற்கிறது. இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. "அம்பாசடர் இன்ஜின் ஒன்று காயலான் கடையில் கிடைக்கும், ரெண்டும் ஒண்ணுதான், மாட்டிடலாம்" என்கிறார் மெக்கானிக். மாட்டலாமா? – வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காரின் இன்ஜினையே இறக்கிப் பாருங்கள்.

மெக்கானிக் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. உங்கள் காரில் இருப்பது பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரிஸ் இன்ஜின். 1489 சி.சி. அம்பாசடருக்கு 1959-ல் வந்த ஓவர்ஹெட் வால்வு இன்ஜினும் அதே குடும்பம், அதே 1489 சி.சி. இரண்டிலும் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73 மி.மீ. சுமார், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. இரண்டிலும் கிராங்க்ஷாஃப்டைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். ஆனால் நம் ஊர்ப் பெட்ரோலுக்கும் ரோட்டுக்கும் ஏற்றபடி அம்பாசடருக்கு கம்ப்ரஷனைக் குறைத்து, ஒற்றை கார்புரேட்டர் வைத்தார்கள். 50 குதிரைத்திறன் சுமாராகக் கொடுக்கும். எம்ஜி ஏ-வுக்கு எஸ்.யு. என்ற கம்பெனியின் இரட்டை கார்புரேட்டர், 8.3-க்கு 1 கம்ப்ரஷன், 72 குதிரைத்திறன். கேம்ஷாஃப்ட்டும் வேறு. உங்கள் டேஷ்போர்டில் இருக்கும் ஆர்.பி.எம். மீட்டருக்கு இன்ஜினிலிருந்து ஒரு கேபிள் போகும், பார்த்திருப்பீர்கள். அம்பாசடரில் அந்த மீட்டரே கிடையாது. மாற்றி வைத்தால் கார் ஓடும். பெரியப்பா ஓட்டிய கார் போல் ஓடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2021-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் விண்டேஜ். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் எதையும் மாற்றியமைக்காமல் பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும். இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகு அந்தப் பதிவுக்கு அலைந்தால் யாரைக் குறை சொல்வது? இங்கிலாந்தில் கேய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. சேஸி நம்பர் அனுப்பிக் கட்டணம் கட்டினால், பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, அந்தக் கார் என்ன கலரில், எந்த இன்ஜின் நம்பரோடு அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது என்று சான்றிதழ் தருவார்கள். முதலில் அதை வாங்குங்கள். பிளாக்கில் இருக்கும் நம்பரும் அதுவும் ஒத்துப்போனால், அந்தப் பிளாக்கை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இனி ஜாம் விஷயம். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடவே கூடாது. நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் டீசலோ கியர் ஆயிலோ விட்டு, ஒரு வாரம் அப்படியே விடுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே வரலாம். அந்தக் காருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றும் வசதி உண்டு. கைப்பிடியை மாட்டி முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மீதி வந்துவிடும். அசையவே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றுங்கள், சுத்தியல் எடுக்காதீர்கள்.

பிரித்த பிறகு அளவு எடுப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அளவு எடுக்காமல் பிஸ்டன் செட் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே, ரிங் ஏறி நிற்கும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் தேய்மானம் இருக்கிறது. பிறகு போர் கேஜ் விட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், கிராங்குக்கு நேராக ஒரு முறை, குறுக்காக ஒரு முறை அளந்து, நாலு சிலிண்டருக்கும் ஒரு தாளில் எழுதுங்கள். குறுக்கு அளவுதான் பெரும்பாலும் அதிகமாக இருக்கும், ஏனென்றால் பிஸ்டன் அந்தப் பக்கம்தான் சாய்ந்து தேய்க்கும். தாளைப் பார்த்துவிட்டு சிலிண்டரை 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகக் கடைந்தால் போதுமா, 40 போக வேண்டுமா, லைனர் (உள்ளே செருகும் புதுக் குழாய்) போட வேண்டுமா என்று முடிவு செய்யலாம். கிராங்கையும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். பேரிங் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.

கனெக்டிங் ராடுகளைக் கழற்றும்போது எந்த கேப் எந்த ராடுடையது என்று குறித்து வையுங்கள். கலந்துவிட்டால் புதுப் பேரிங்கும் தாங்காது.

ஹெட்டைக் கண்டிப்பாக கிராக் டெஸ்டுக்குக் கொடுங்கள். இந்த ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் இரண்டின் புகையும் நடுவில் ஒரே துவாரம் வழியாகத்தான் வெளியேறும். அந்த இடத்தில் சூடு அதிகம், வால்வு சீட்டுகளுக்கு நடுவே மயிரிழை போல் விரிசல் விட வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஹெட் நல்லதாக இருந்தால் எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள். 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது. பழைய சீட்டுக்கு அந்த ஈயம்தான் காவல்.

கார்புரேட்டர் இரண்டையும் ஒரே தட்டில் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். எஸ்.யு.வில் ஒவ்வொரு பிஸ்டனும் அதனதன் சேம்பருக்குத்தான் பொருந்தும். மாறிவிட்டால் ஒன்று ஒட்டும், இன்னொன்று காற்றைக் கசியவிடும்.

கேம்ஷாஃப்ட் புதிதானால் டேப்பட்டும் புதிதாக இருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஆயில் பிரஷர் ஏறும்வரை சுற்ற விடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக் கூடாது. 2000 ஆர்.பி.எம்.மில் 20 நிமிடம் ஓட வேண்டும், அப்போதுதான் கேம்மும் டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகும். தண்ணீர், ஆயில், தீயணைப்பான் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும். ஆயில் 20டபிள்யூ-50 மினரல், துத்தநாகச் சேர்க்கை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி மாட்டுகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். இந்தக் காரில் சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு. பாடிக்கு எர்த் போவது பிளஸ் முனை. பழக்கதோஷத்தில் மைனஸைக் கொடுத்துவிடுவார்கள்.

அம்பாசடரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. கேஸ்கெட், பேரிங் போன்றவற்றுக்கு அந்தக் கார் நமக்குப் பெரிய துணை. பழைய ஸ்பேர் கடையில் உங்கள் பேரிங் ஷெல்லைக் கையில் கொண்டுபோய், வைத்து ஒப்பிட்டு, அளந்து வாங்குங்கள்.

கேள்வி: எம்ஜி ஏ ஒன்றை வாங்கியிருக்கிறேன். முதலில் பெயின்ட் அடித்து அழகாக்கிவிட்டு, இன்ஜினைப் பிறகு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, பெயின்ட்தான் கடைசி. இந்தக் காரில் சேஸி தனி, பாடி தனி. முன் விங், பின் விங் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கதவு, பானெட், டிக்கி மூடி அலுமினியம், மற்றது இரும்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு பிடிக்கும். கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அங்கேதான் முதல் செலவு. ஃப்ளோர் பிளைவுட் என்பதால் பயப்பட வேண்டாம், கம்பெனியிலேயே அப்படித்தான். சில் வெல்டிங் செய்யும்போது பாடி சேஸிமேல் உட்கார்ந்திருக்க வேண்டும், கதவும் மாட்டியிருக்க வேண்டும். தனியாகக் கழற்றி வைத்து வெல்டு செய்தால் பிறகு கதவு ஒரு காலமும் சரியாக மூடாது. வெளியே கைப்பிடி இல்லையே என்று டிங்கர் துளை போட்டுவிடப் போகிறார், எச்சரிக்கை! ரோட்ஸ்டரில், அதாவது திறந்த கூரை மாடலில், உள்ளே கைவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

கேள்வி: எம்ஜி ஏ இன்ஜினை முழுக்கச் செய்தும், கிளட்ச் ஹவுசிங்கின் கீழே ஆயில் சொட்டுகிறது. பட்டறை ஏமாற்றிவிட்டதா? – வாசகர், திருச்சி

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்று பேரிங் பி சீரிஸில் கிராங்கின் பின்புறம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டிய மரை சுழன்று ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். கார் நின்றால் அதன் வேலையும் நின்றுவிடும். ராத்திரி நிறுத்திய இடத்தில் இரண்டு மூன்று சொட்டு இருப்பது இந்த இன்ஜினின் சுபாவம். குட்டையாகத் தேங்கினால், அல்லது கிளட்ச் வழுக்கினால், ஆயில் சம்ப்புக்குள் அழுத்தம் சேர்கிறதா என்று பாருங்கள். பிரீதர் குழாய் அடைத்திருக்கலாம், ரிங் உட்காராமலும் இருக்கலாம். அதன் பிறகே பின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: பங்க்கில் இப்போது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல்தான் கிடைக்கிறது. என் பழைய எம்ஜிபி தாங்குமா? – வாசகர், மதுரை

பதில்: இன்ஜின் தாங்கும், ரப்பர் தாங்காது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், ஃப்ளோட் சேம்பர் வாஷர், எல்லாம் அதே கணக்கு. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் டேங்க்கில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்க்கைக் காலி செய்துவிடுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவை கொஞ்சம் லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும் என்பதால் எஸ்.யு. ஜெட்டை ஒரு திருப்பு இறக்கிப் பிளக் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம். பழுப்பு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விண்டேஜ் பதிவுக்கு எவ்வளவு ஆகும்? – வாசகர், சேலம்

பதில்: புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவு 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பிறகு வி.ஏ. என்று வரும். தினசரி ஓட்டத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்த முடியாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு எடுத்துப் போகலாம்.