ஃபிலிம் இருக்கும், கேமரா இருக்குமா?

அன்புள்ள ஐயா,

பெரியப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா என்னிடம் வந்திருக்கிறது. கற்றுக்கொள்ள ஆசை. கைபேசியே போதும், செயற்கை நுண்ணறிவு கேட்ட படத்தைக் கொடுத்துவிடுகிறது, கொஞ்ச நாளில் ஃபிலிமே கிடைக்காது என்கிறார்கள் நண்பர்கள். இதில் இறங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

தாராளமாக இறங்குங்கள். ஃபிலிம் கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்துக்கு 2012இல் காரணம் இருந்தது. அந்த ஜனவரியில்தான் கோடக் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதே ஆண்டில் எக்டாக்ரோம் என்ற ஸ்லைடு ஃபிலிமையும் (நெகட்டிவாக இல்லாமல் நேரான படமாகவே வரும் ஃபிலிம்) நிறுத்தியது. ஆனால் 2018இல் எக்டாக்ரோம் திரும்பி வந்துவிட்டது. இல்ஃபோர்ட் ஃபிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன், 2023இல் ஃபீனிக்ஸ் என்ற கலர் ஃபிலிமைத் தானே உருவாக்கி வெளியிட்டது. வாங்க ஆள் இருக்கும்வரை ஃபிலிம் வரும், விலை கூடுதலாக இருந்தாலும்.

என் கவலையெல்லாம் கேமராக்களைப் பற்றித்தான். நம் கையில் இருப்பவை பெரும்பாலும் பல பத்தாண்டுகள் பழையவை. முழுக்க இயந்திர விசையில் ஓடும் கேமராவை, விஷயம் தெரிந்த ஒருவர் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு ஓட வைத்துவிடுவார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த எலக்ட்ரானிக் கேமராவில் சர்க்யூட் போர்டு போனால், பெரும்பாலும் அதோடு முடிந்தது. 2024இல் பென்டாக்ஸ் ஒரு புதிய ஃபிலிம் கேமராவைக் கொண்டுவந்தது. கையால் ஃபிலிம் சுற்றும் அமைப்பை மீண்டும் செய்ய, அந்தக் காலத்தில் வேலை பார்த்த மூத்த பொறியாளர்களின் உதவி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் தலைமுறை போய்விட்டால் யாரிடம் கேட்பது? பழுது பார்க்கத் தெரிந்தவர்களிடம் இளைஞர்கள் இப்போதே போய்க் கற்றுக்கொள்ள வேண்டும். ஃபிலிமின் எதிர்காலம் அங்கேதான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஃபிலிமில் எடுத்த படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் ஸ்கேனருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். நல்ல ஃபிலிம் ஸ்கேனர்கள் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் பலர் நெகட்டிவை ஒளிப்பலகையில் வைத்து, மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் போட்ட டிஜிட்டல் கேமராவால் படமெடுத்துக் கொள்கிறார்கள். ஃபிலிமைக் கொன்றது என்று நாம் திட்டிய டிஜிட்டல் இந்த இடத்தில் அதைக் காப்பாற்றுகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்று. நெகட்டிவ் இருந்தாலே படம் உண்மை என்று சிலர் வாதிடுகிறார்கள். திரையில் தெரியும் பொய்ப் படத்தையும் ஃபிலிமில் எடுக்கலாமே! எனக்கு ஃபிலிம் பிடிப்பதற்குக் காரணம் வேறு. ஒரு சுருளில் 36 படம்தான் என்று தெரிந்தால் ஷட்டரை அழுத்துமுன் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

சரி, உங்கள் கேமராவுக்கு வருவோம். முதலில் ஷட்டரை 1 வினாடியில் வைத்து அழுத்திப் பாருங்கள். இழுத்துக்கொண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது, சர்வீஸ் தேவை. வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் வேலை செய்யாவிட்டால் கைபேசிச் செயலி போதும். கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள், 20 டிகிரி வெப்பத்தில் வீட்டிலேயே கழுவலாம். கலருக்கு 38 டிகிரியை மாறாமல் பிடிக்க வேண்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேபில் கொடுத்தால் ஸ்கேனோடு நெகட்டிவையும் கேட்டு வாங்குங்கள். பலர் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.