கை வலிக்கு எந்த மவுஸ் வாங்கலாம்?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கை மற்றும் மணிக்கட்டு வலிக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட்.

டி.டி.பி. சென்டரில் வேலை பார்க்கிறேன். முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகைதான். மதியத்துக்கு மேல் வலது மணிக்கட்டில், சுண்டு விரல் பக்கமாக வலி எடுக்கிறது. செங்குத்து மவுஸ் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஓனர். வாங்கலாமா மேடம்? தமிழை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்கிறேன்.
- வாசகி, திண்டுக்கல்

வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் ஓனர் கிடைத்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த மவுஸ் உங்கள் வலிக்கு ஏற்றதல்ல என்று நினைக்கிறேன்.

உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தால் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்கே விழும். செங்குத்து மவுஸ் அந்த முறுக்கைக் குறைக்கிறது. கை குலுக்குகிற நிலையில் பிடிக்கலாம். முழங்கைக்குக் கீழே முன்கை இறுகிப் போகிறவர்களுக்கு அது நல்லது. உங்களுக்கு வலிப்பது சுண்டு விரல் பக்கம். அங்கே சிரமம் தருவது பக்கவாட்டு மடக்கு. கையை நகர்த்தாமல் மணிக்கட்டை மட்டும் வைத்து மவுஸை வலப்பக்கம் தள்ளும்போது அந்த மடக்கு வரும். என்டர், பேக்ஸ்பேஸ், வலப்பக்க ஷிஃப்ட் மூன்றையும் சுண்டு விரலால் எட்டிப் பிடிக்கும்போதும் அதேதான்.

அதனால் முதலில் காசு செலவில்லாத வேலையைச் செய்யுங்கள். மதியத்துக்கு மேல் மவுஸை இடப்பக்கம் மாற்றுங்கள். அந்தப் பக்கம் நம்பர் பேட் இல்லாததால் மவுஸ் கீபோர்டை ஒட்டியே இருக்கும், தோளும் விரியாது. இரண்டு பக்கமும் ஒரே வடிவமுள்ள சாதாரண மவுஸ் போதும். செட்டிங்ஸில் பட்டன்களை இடம் மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையார் படத்தை ஓரம் வெட்டுவது போன்ற நுணுக்க வேலைக்கு ஆரம்பத்தில் இடக்கை ஒத்துழைக்காது. அதற்கு வலப்பக்கம் இன்னொரு மவுஸைச் செருகி வையுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். நாள் முழுக்க இடக்கையே பார்க்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் அந்தக் கையும் வலிக்கும்.

அடுத்தது நீங்கள் தமிழ் அடிக்கும் முறை. மவுஸைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு அது பெரிய ஆதங்கம். ஒலிப்படி அடிக்கும்போது ள, ண, ற ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 கீபோர்டு முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே இருக்கிறது. 'திருமணம்' என்று அடிக்க ஒலிப்படி முறையில் 10 தட்டு, அதில் ஒன்றுக்கு ஷிஃப்ட். தமிழ்99-இல் 8 தட்டு, ஷிஃப்டே கிடையாது. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டினால் போதும், முதல் ம-வுக்குப் புள்ளி தானாக வந்துவிடும். மெய்கள் வலப்பக்கம் இருப்பதால் வலக்கைக்கு வேலை சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். அதற்காகவும்தான் மவுஸை இடப்பக்கம் கொண்டுபோகச் சொல்கிறேன். தமிழ் அடிக்க உதவும் என்.எச்.எம். ரைட்டர் சாஃப்ட்வேரில் தமிழ்99 இருக்கிறது. முகூர்த்த நெருக்கடியில் பழக ஆரம்பித்தால் இரண்டே நாளில் விட்டுவிடுவீர்கள். ஆனிக் கடைசியில், ஆர்டர் குறைந்திருக்கும்போது தொடங்குங்கள்.

"நாங்கள் பேனா பிடித்தே காலம் தள்ளினோம், எங்களுக்கு வராத வலி உங்களுக்கு மட்டும் வருமா?" என்கிறார் எங்கள் பத்திர எழுத்தர் ஐயா. நிஜமாகவே இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த வியாதியா?
- வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

இல்லை. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1713-லேயே எழுத்தர்களின் கைவலியைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே விதமாக அசைந்துகொண்டே இருப்பது, பிழை வந்துவிடக் கூடாதே என்ற மன இறுக்கம். ஐயாவிடம் காட்டுங்கள். மூன்றாவதை அவர் உடனே ஒப்புக்கொள்வார்.

கீபோர்டுக்கு முன்னால் வைக்கும் ஜெல் பேட் நல்லதா?
- வாசகி, தஞ்சாவூர்

அடிக்கும்போது கை அதன் மேல் படக் கூடாது. மணிக்கட்டு ரேகைக்குச் சற்று உள்ளே, குறுகலான பாதை வழியாக ஒரு நரம்பு போகிறது. அழுத்தினால் அதற்குத்தான் கேடு. நிறுத்தி யோசிக்கும் நேரத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்துக்கொள்ளலாம். கீபோர்டின் பின்னங்கால்களையும் மடக்கிவிடுங்கள். நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறது என்றால் எதையும் வாங்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், சர்க்கரை அல்லது தைராய்டு இருந்தால் இன்னும் சீக்கிரமாக.

ஆடிட்டர் ஆபீஸ் வேலை. மணிக்கட்டு வலிக்காக டிராக்பால் வாங்கினேன், கட்டைவிரலால் பந்தை உருட்டும் மவுஸ். மணிக்கட்டு தேவலை, இப்போது கட்டைவிரல் அடியில் வலிக்கிறது.
- வாசகர், கோயம்புத்தூர்

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, முஷ்டியை மெதுவாகச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் அடியில் சுருக்கென்று குத்தினால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். அந்த டிராக்பாலை இன்றைக்கே ஓரம் கட்டிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

டிராக்பால்தான் வேண்டும் என்றால் பந்து நடுவில் இருக்கிற, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உருட்டுகிற வகையை எடுங்கள். அதிலும் இடது கிளிக் பெரும்பாலும் கட்டைவிரலுக்குத்தான் வரும். சாஃப்ட்வேரில் வேறு பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். ஸ்பேஸ் பாரை இந்தக் கட்டைவிரலால் தட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். தட்டினால் மற்றக் கைக்கு மாற்றுங்கள். உங்களுக்கு நம்பர் பேட் இல்லாமல் முடியாது. தனியாக விற்கும் நம்பர் பேடை வாங்கினால் வேண்டிய பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். வலி அடங்கும் வரை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள், தட்டச்சு வேண்டாம்.