நோட்டு யார் கையில்?

அன்புள்ள சார்,

அப்பாவுக்கு 62 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காப்பீட்டு அட்டையில் நடப்பதால் பணத்துக்குச் சமாளித்துக்கொள்கிறோம். ஆனால் ஓயாமல் பேசுகிறவர் இப்போது வாயே திறப்பதில்லை. போன வாரம் "போதும், இனிமே போகல" என்றார். டாக்டரிடம் சொன்னால், "டயாலிசிஸ்ல இருக்கறவங்க அப்படித்தான் இருப்பாங்க" என்கிறார். தண்ணீர் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் தினமும் சண்டை. பெயர், ஊர் போட வேண்டாம்.

எம்.

அன்புள்ள எம்,

என் அண்ணனுக்கு நான்கு வருடம் டயாலிசிஸ் நடந்தது. நான் டாக்டர் இல்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். அந்த அளவில் எழுதுகிறேன்.

"அப்படித்தான் இருப்பாங்க" என்பதை ஏற்காதீர்கள். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த ஒரு கட்டுரை, டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருப்பதாகச் சொல்கிறது. ரொம்ப அதிகம்தான். ஆனால் மீதி மூன்று பேருக்கு இல்லை என்றும்தானே அர்த்தம்? இருக்கிறவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அசதி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் மனச்சோர்விலும் வரும், சிறுநீரகம் பழுதானாலும் வரும். அண்ணன் ராத்திரி முழுக்கப் புரண்டபோது கவலையில் தூங்கவில்லை என்றே நினைத்தோம். கடைசியில் பார்த்தால் உடம்பு அரிப்பு. கேட்டால்தானே சொல்வார்! அரிப்பு, கால் குடைச்சல், ரத்தசோகை இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மனநல மருத்துவர். அமெரிக்காவில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில் டயாலிசிஸ் நடக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேசித் தரும் சிகிச்சையையும் மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரையையும் ஒப்பிட்டார்கள். மாத்திரை கொஞ்சம் முந்தியது, பக்கவிளைவும் அதில்தான் அதிகம். எதுவானாலும் சிறுநீரக டாக்டருக்குத் தெரிந்து தொடங்குங்கள்.

"இனிமே போகல" என்றதைச் சும்மா விடாதீர்கள். டயாலிசிஸை நிறுத்தினால் உயிர் தங்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான். அதற்காகக் கத்தவும் வேண்டாம். "எதுப்பா முடியல? ஊசியா, பயணமா, வந்தப்புறம் வர்ற அசதியா?" என்று கேளுங்கள். உயிரை விடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம்தான். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே அதிகம் ஏறினால் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். எங்கள் அண்ணி ஒவ்வொரு டம்ளரையும் நோட்டில் குறிப்பார். அண்ணன் குளியலறைக் குழாயில் குடித்துவிட்டு வருவார்! பிறகு டாக்டர் சொன்ன அளவில் மோர், ரசம், காபிக்குக் கழித்து, மீதியைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி அவரிடமே கொடுத்துவிட்டோம். எப்போது குடிப்பது என்பது அவர் இஷ்டம். ஊறுகாயும் அப்பளமும் வீட்டுக்குள்ளேயே வராமல் நிறுத்தினோம், உப்பு குறைந்ததும் தாகம் குறைந்தது. சில நாள் பாட்டிலில் மிச்சம் வைத்திருந்து, ராத்திரி எங்கள் எல்லோருக்கும் காட்டிவிட்டுக் குடிப்பார்.

உங்கள் அப்பா ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கணக்கு முடித்தவர். ஏறின எடை, டயாலிசிஸில் எடுத்த தண்ணீர், பிபி எல்லாவற்றையும் எழுதுகிற நோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? அதை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.